நோயில்லா நாள்: 1,095

மணல் ஈ நோய் ஒழிப்புத் துறை அலுவலகத்தின் முன்சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. மேலே 'நோயில்லா நாள்' என்று எழுதியிருக்கும். கீழே நான்கு ஆணிகளில் நான்கு தகர எண்கள். தினமும் காலை பத்து மணிக்குத் துணை இயக்குநர் வெளியே வருவார். ஊழியர்கள் அவர் பின்னால் வரிசையாக நிற்பார்கள். பலகைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் கடைநிலை ஊழியர் ஏணியில் ஏறி, கடைசித் தகரத்தைக் கழற்றி, அடுத்த எண்ணை மாட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு தேநீர்.

அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்க்கிறேன். மாலையில் ஆய்வக உதவியாளர் வகுப்பு. தினமும் நோட்டில் நாலு வரி எழுதுவேன். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தேதி போடுவேன். எங்கள் கடையில் காலண்டர் தாளைக் கிழிக்கச் சில நாள் மறந்துபோகும். அங்கே ஒரு நாளும் மறந்ததில்லை. அதனால் இதில் வரும் தேதிகள் எல்லாம் துறையின் தேதிகள். அவற்றில் பிழை இருக்காது. மற்றவற்றில் இருக்கலாம்.

பலகை 1,095-ஐத் தொட்டால் மூன்று வருடம். அன்று வெளியிலிருந்து ஒரு குழு வந்து, இந்த வட்டாரத்தில் மணல் ஈ பரப்பும் கருங்காய்ச்சல் ஒழிந்துவிட்டது என்று சான்றிதழ் கொடுக்கும். நடுவில் ஒரே ஒருவருக்கு நோயாளி எண் கொடுத்தால்கூட நான்கு தகரமும் பூச்சியமாகிவிடும். ஆகவே மூன்று வருடமாக யாருக்கும் நோயாளி எண் கொடுக்கப்படவில்லை. ஆகவே நோய் இல்லை.

என் அண்ணன் கொத்தனார். மணல் ஈ என்பது கொசுவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் பூச்சி. பறந்தால் சத்தம் வராது. சுவர் விரிசலில் குடியிருந்து அந்தி நேரத்தில் வெளியே வந்து கடிக்கும். வட்டாரத்தில் இருக்கும் விரிசல்களையெல்லாம் பூசுவதற்குத் துறை ஆள் எடுத்தபோது அண்ணனையும் எடுத்தார்கள். இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் பூசினான். அன்றன்று பூசிய விரிசல்களின் பட்டியலை மாலையில் அலுவலகத்தில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுபவர் வரும்வரை பூச்சு வேலைக்காரர்கள் பலகைக்குக் கீழே காத்திருப்பார்கள். பெரும்பாலும் இருட்டிவிடும்.

அந்தப் பலகைக்குப் பின்னாலேயே ஒரு விரிசல் இருந்தது. அண்ணன் முதல் நாளே பார்த்துவிட்டான்.

"கைவிரல் போற விரிசல், நோட்டு," என்றான் வீட்டில். எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டிருப்பதால் எனக்கு அந்தப் பேர். "நான் பூசறேன் சார்னு சொன்னேன். போர்டைக் கழட்டினா எண்ணிக்கை நின்னுடுமாம். அதுவுமில்லாம எங்க ஆபீஸ் சுவத்துல விரிசல் இல்லன்னு போன வருஷமே எழுதி அனுப்பிட்டோம்கறாங்க."

"மேலாக்கப் பூசிட்டு வந்துருக்கலாமே?"

"அது தப்பு. விரிசலை முதல்ல வெட்டித் திறக்கணும். உள்ள இருக்கறது வெளிய வரணும். அப்புறம் தண்ணி தெளிச்சு, அப்புறம்தான் கலவை. மேலாக்கப் பூசினா பூச்சி உள்ளயே குடும்பம் நடத்தும்."

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனான். உடம்பு இளைத்தது, நிறம் கறுத்தது. "வெயில்ல நிக்கறவன் கறுக்காம என்ன பண்ணுவான்?" என்றாள் அம்மா. பொது மருத்துவமனையில் ஒரு டாக்டர் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது என்றார். "இதுக்கு மருந்து எங்ககிட்ட இல்லை. வெளியிலயும் கிடைக்காது. ஒழிப்புத் துறை குளிர்பெட்டியில மட்டும்தான் இருக்கு. அங்க போய் நோயாளி எண் வாங்குங்க," என்று எழுதிக் கொடுத்தார்.

மண்ணீரலின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று டாக்டர் காட்டிய இடத்தில், அன்று இரவே கடை மார்க்கரால் அண்ணன் வயிற்றில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். வாரம் ஒரு கோடு போட்டால் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும் அல்லவா?

"ரசமட்டம் வெச்சுப் போடு," என்றான் அண்ணன். "கோணலா இருந்தா மேஸ்திரி ஒத்துக்க மாட்டாரு."

மறுநாள், நாள் 1,041. அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். படிவத்தின் முதல் கேள்வி: 'பதினான்கு நாள் தொடர் காய்ச்சல் உண்டா?' இரண்டு மாதத்துக்கான அட்டவணையை நோட்டிலிருந்து காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்க்காமல் அண்ணன் வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். காலை பதினொரு மணி. 98.8.

"காய்ச்சல் இல்லையே. தொடர்ச்சி அறுந்துபோச்சு. இன்னிலேருந்து முதல் நாள்."

"சார், இந்தக் காய்ச்சல் மதியம் ஒரு தடவையும் ராத்திரி ஒரு தடவையும் ஏறும். காலையில இறங்கிடும்."

"கவுண்டர் பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும்தான். அந்த நேரத்துல வர்ற காய்ச்சலைத்தான் நாங்க எடுத்துக்க முடியும்."

வாசலில் பலகைக்காரர் ஏணிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "கடைசி டோக்கனா வாங்கு தங்கச்சி," என்றார் மெதுவாக. "ஒண்ணு அடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போய் நில்லு. சில பேருக்கு ஏறிடும்."

ஏழு நாள் போனோம். ஆறு நாள் ஏறவில்லை. "இதுக்குப் போய் நான் நேரம் தவறாம உழைச்சேனே," என்றான் அண்ணன். "என் காய்ச்சலுக்கு ஒரு ஆபீஸ் நேரம் தெரியலையே." நாள் 1,048, பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு 101 காட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் கவுண்டர்காரர் என் அட்டவணையையும் ஏற்றுக்கொண்டார். நாங்கள் இருவரும் பரீட்சையில் தேறியதுபோலச் சிரித்தோம். அப்படிச் சிரித்ததை எழுதுவதற்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் சிரித்தோம்.

அன்று இரண்டு சோதனை செய்தார்கள். ரத்தத்தில் ஒரு துளியை ஒரு சின்னச் சன்னல் வழியாக உள்ளே வாங்கினார்கள். உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. கையுறை போட்ட கை மட்டும் வரும். மணிக்கட்டில் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். மாதிரி எண் பதினேழு என்றது குரல். இன்னொரு சோதனைக்காக அண்ணனின் முன்கையில் தோலுக்கடியில் ஓர் ஊசி போட்டு, மூன்று நாள் கழித்து வீங்குகிறதா பார்க்க வரச் சொன்னார்கள்.

நாள் 1,051. முடிவைத் துணை இயக்குநரே சொல்வார் என்று உள்ளே அனுப்பினார்கள். அவர் எழுந்து நின்று அண்ணனுக்குக் கைகொடுத்தார்.

"வாழ்த்துகள்! ரத்தத்துல எதிர்ப்பொருள் எவ்வளவுன்னு தெரியுமா? சோதனைப் பட்டையில கோடு அப்படியே செக்கச்செவேல்னு விழுந்திருக்கு. இந்த வட்டாரத்துலயே இவ்வளவு எதிர்ப்பு இருக்கற உடம்பு இதுதான். கையில ஊசி போட்ட இடம் வீங்கிச்சா? இல்லை. ஒரு பொட்டு வீக்கம்கூட இல்லை. எதிர்ப்பு இருக்கு, வீக்கம் இல்லை. அப்ப நோய் எங்க இருக்கு?"

"தெரியலிங்க சார்," என்றான் அண்ணன்.

"அதான்! இல்லாததைத் தெரியலைன்னுதான் சொல்ல முடியும்." அவர் என்னைப் பார்த்தார். "நீ எதிர்க் கடைப் பொண்ணுல்ல? ஈவினிங் கிளாஸ் படிக்கிறியாமே? சொல்லு, எதிர்ப்பொருள்னா என்ன?"

நாங்கள் அப்போது ஏழாம் பாடம் முடித்திருந்தோம். ஏழாம் பாடம் எனக்கு மனப்பாடம்.

"உடம்புக்குள்ள வர்ற கிருமியை அடையாளம் கண்டு, அதுமேல ஒட்டிக்கிட்டு அழிக்க உதவற பொருள் சார்."

"பாத்தீங்களா! படிச்ச பொண்ணு." படிவம் ஒன்றை என் பக்கம் திருப்பினார். 'எதிர்ப்பாற்றல் உறுதிமொழி. மேற்படி நபர் நோயாளி அல்லர், நோயை எதிர்ப்பவர் என்பது எங்களுக்கு விளக்கப்பட்டு நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.' கீழே 'படித்த சாட்சி' என்று ஒரு கோடு. என்னை அதுவரை யாரும் படித்தவள் என்று ஒரு படிவத்தில் கேட்டதில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை என்று இரண்டாம் முறையும் போட்டேன். மூன்று பிரதி. நானே கடைக்கு ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

அம்மா அன்று அழுதாள், சந்தோஷத்தில். "ரெண்டு மாசமா என்னமோ ஏதோன்னு பயந்தேன்டி. எதிர்ப்பு சக்தி அதிகமானா இப்படித்தான் சுடுமா?"

"ஆமாம்மா," என்றேன். "உள்ள சண்டை நடக்குது. அதான் சூடு."

அண்ணன் மறுநாளிலிருந்து மறுபடி வேலைக்குப் போனான். நான்கு நாள் போனான். ஐந்தாம் நாள் சாரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

அப்போதும் நான் ஏழாம் பாடத்தைத்தான் திரும்பப் படித்தேன். எட்டாம் பாடம் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. நடத்தாத பாடத்தை முன்கூட்டிப் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வேன் என்ற பயத்தில் நான் ஒருபோதும் பக்கத்தைப் புரட்டுவதில்லை. அது ஒரு நல்ல வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

நாள் 1,061, மாலை. எட்டாம் பாடம்: எதிர்ப்பொருள் பயன்படாத இடங்கள். டீச்சர் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"இதுதான் விழுங்கு செல். கிருமி வந்தா முழுங்கி, வயித்துக்குள்ள போட்டுக் கரைக்கறது இதோட வேலை. கருங்காய்ச்சல் கிருமி இருக்கே, அது தப்பிச்சு ஓடாது. முழுங்குன்னு தானே போய் நிக்கும். உள்ள போனதும் அந்த வயித்துக்குள்ளயே வீடு கட்டிக்கும். குட்டி போடும். செல் வெடிச்சதும் அடுத்த செல்லுக்குப் போகும். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, இந்த செல் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம்."

"எதிர்ப்பொருள் என்ன பண்ணும் டீச்சர்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"ரத்தத்துல நிறைய இருக்கும். அளவுக்கு மேல இருக்கும். ஆனா அதால செல்லுக்குள்ள போக முடியாது. திருடன் வீட்டுக்குள்ள, போலீஸ் தெருவுல. தெருவுல எவ்வளவு போலீஸ் நிக்குதோ, திருட்டு அவ்வளவு பெரிசுன்னு அர்த்தம். அதனால இந்த நோய்ல எதிர்ப்பொருள் அதிகமா இருந்தா அது பாதுகாப்பு இல்லை. நோய் முத்தினதுக்கு அடையாளம்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். கை எழுதிக்கொண்டே இருந்தது.

"அப்ப யாரு கொல்லுவா?"

"விழுங்கின செல்தான் கொல்லணும். அதுக்குக் கொல்லத் தெரியும். விஷமெல்லாம் கையில இருக்கு. டி செல்னு ஒண்ணு வந்து, கொல்லுன்னு உத்தரவு கொடுக்கணும். இந்த நோய்ல அந்த உத்தரவு எடுபடாது. அதுக்குப் பதிலா, 'அமைதியா இரு, ஒண்ணும் பண்ணாதே'ன்னு இன்னொரு சேதி சத்தமா வந்துக்கிட்டே இருக்கும். செல் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

"எங்க ஆபீஸ் மாதிரி இருக்கு டீச்சர்," என்றார் பின்வரிசைக்காரர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"தோல்ல ஊசி போட்டுப் பாக்கற சோதனையும் அதுக்குத்தான்," என்று டீச்சர் தொடர்ந்தார். "டி செல் முழிச்சுக்கிட்டு இருந்தா ஊசி போட்ட இடம் வீங்கும். நோய் உச்சத்துல இருக்கறவங்களுக்கு வீங்காது. வீக்கம் இல்லைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. உடம்பு இன்னும் சண்டையையே ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்."

சாக்பீஸைக் கீழே வைக்கக் கையை நீட்டினார். மணிக்கட்டில் கடிகாரம் உட்பக்கமாகத் திரும்பியிருந்தது.

வகுப்பு கலைந்த பிறகு மேசைக்குப் போனேன். "டீச்சர், பகல்ல நீங்க ஒழிப்புத் துறையிலயா வேலை பாக்கறீங்க?"

"ஆமாம். ஏன்?"

"மாதிரி எண் பதினேழு."

அவர் பையை மூடிக்கொண்டிருந்தார். கை நின்றது. "உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் அண்ணன்."

பாதி மூடிய பையை மறுபடி திறந்தார். பிறகு, "பகல்ல எனக்குக் கோடு எண்ற வேலைம்மா," என்றார். "ரெண்டு கோடுன்னு எழுதி அனுப்பினேன். அழுத்தமான கோடுன்னும் எழுதினேன். அர்த்தம் சொல்றது மேல இருக்கறவங்க வேலை. எழுதி அனுப்பினதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

"தெரியும் டீச்சர். இப்பதான் நடத்தினீங்க."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வட்டத்தை அழிக்கத் தொடங்கினார். அழித்த இடத்தையே மறுபடி மறுபடி அழித்தார்.

நாள் 1,062, காலை பத்து மணி, கைதட்டல் முடிந்த உடனேயே துணை இயக்குநரிடம் போனேன். எட்டாம் பாடத்தை மூன்று பிரதி எடுத்துப் போயிருந்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"இதெல்லாம் வாஸ்தவம்தான்," என்றார்.

"அப்ப மருந்து கொடுங்க சார்."

"நோயாளிக்குத்தான் மருந்து. உங்க அண்ணன் நோயாளி இல்லைன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார். தப்பாப் போட்டுட்டேன்."

"படித்த சாட்சி." அவர் விரலால் அந்த வரியைத் தட்டினார். "படிக்காத சாட்சின்னா ரத்து பண்ணிடலாம். அதுக்கு விதி இருக்கு. படிச்சவங்க போட்டதை ரத்து பண்ண விதி இல்லை. எதுக்கு இருக்கப் போகுது?"

"மருந்து உள்ள இருக்கு சார். கண்ணாடிக் கதவு வழியா தெரியுது."

"தெரியணும்னுதானே கண்ணாடி போட்டிருக்கோம்! நாற்பது குப்பி. குழு வரும்போது நாற்பதும் நாற்பதா இருக்கணும். பயன்படாத மருந்துதான் நோய் இல்லைங்கறதுக்குப் பெரிய சாட்சி. நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. மருந்து கொடுத்தா எண் கொடுக்கணும். எண் கொடுத்தா அவர் நோயாளி ஆயிடுவாரு. இப்ப இந்த வட்டாரத்துல ஒரு நோயாளி இல்லை. ஒரு நோயாளியை உண்டாக்கறதுக்கா அரசாங்கம் எனக்கு நாற்காலி கொடுத்திருக்கு?"

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று வீடு வரை யோசித்துக்கொண்டே போனேன். என் மேல் எனக்கு இருக்கும் சந்தேகத்தால், எங்கேயோ அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

அதன்பின் மனுக்கள். மேல் அலுவலகத்துக்கு ஒன்பது போட்டேன். ஒன்பதும் 'தகுந்த நடவடிக்கைக்காக' என்று இதே அலுவலகத்துக்குத் திரும்பி வந்தன. வந்தவற்றை வாங்கிக் கோப்பில் போட்டார்கள். கோப்பு பருத்தது. பொது மருத்துவமனை டாக்டர் இரண்டு முறை தொலைபேசியில் கத்தினார். அவருக்கு எழுத்து மூலம் நன்றி தெரிவிக்கப்பட்டது. டீச்சர் ஒரு நாள் வகுப்புக்கு வரவில்லை. அன்று பகலில் அவர் துணை இயக்குநரிடம் போய்ப் பேசினாராம். மறுநாள் முதல் அவரைச் சன்னலிலிருந்து மாற்றி, குழுவை வரவேற்கும் கோலாகல ஏற்பாடுகளில் நாற்காலி எண்ணும் வேலை கொடுத்தார்கள்.

பழைய கோடுகள் மங்கும்போதெல்லாம் அவற்றின் மேலேயே மறுபடி போட்டேன். அண்ணன் வயிற்றில் ஆறு கோடு ஆயிற்று. ஏழு ஆயிற்று. ஏழாவது தொப்புளைத் தாண்டியிருந்தது. கையும் காலும் குச்சியாகிவிட்டன. பல் தேய்த்தால் ரத்தம் நிற்கவில்லை.

"நோட்டு, நீ கையெழுத்துப் போட்டதைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருக்கியா?" என்றான் ஒரு மதியம், காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தபோது.

"இல்லண்ணா."

"பொய் சொல்லும்போது நீ பேனாவைத் திருகுவே." சிரிக்கப் பார்த்தான். "நான் ஆயிரம் விரிசல் பூசியிருப்பேன். அதுல நாலு மறுபடி விட்டிருக்கும். அதுக்காகப் பூசினவன் கெட்டவனா? உனக்கு அப்ப தெரிஞ்சது அவ்வளவுதான். விடு."

அம்மா சமையலறையிலிருந்து, "அவளை ஏன்டா பேச வைக்கறே, அவ சாப்பிடவே இல்லை," என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

நாள் 1,094 அன்று துறையின் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஒரு கணம் மருந்துதான் என்று நினைத்தேன். அழைப்பிதழ். சான்றிதழ் விழாவில் 'எதிர்ப்பாற்றல் மிக்க குடிமகன்' என்று அண்ணனைக் கௌரவிக்கிறார்களாம்.

"போகவே வேணாம்," என்றாள் அம்மா.

"போவோம்மா," என்றான் அண்ணன். "வெளியிலேருந்து மூணு பேர் வர்றாங்கல்ல? அவங்க கண்ணுல படட்டும். கண்ணு இருக்கறவங்களா இருந்தா பாப்பாங்க."

நாள் 1,095. பந்தலில் எட்டு வரிசை நாற்காலி. டீச்சர் ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எண்ணிக்கையை விட்டுவிட்டார் போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பலகைக்காரர் புதுச் சட்டையில் ஏணி ஏறி ஐந்தை மாட்டினார். கைதட்டல் ஓயவே இல்லை. அண்ணனை நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினார்கள்.

துணை இயக்குநர் பேசினார். "மூன்றாண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் நோயாளிகள் இருந்தார்கள். இன்று இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்கலாம். நாங்கள் யாரையும் தேடிப் போகவில்லை. தேடினால்தானே கிடைப்பார்கள்? மக்கள் தங்கள் எதிர்ப்பாற்றலாலேயே நோயை வென்றார்கள். அதற்கு எடுத்துக்காட்டு, விரிசல்களைப் பூசிய நமது இந்தத் தொழிலாளி. இவர் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் இந்த அரங்கில் இருக்கும் அத்தனை பேருடையதைச் சேர்த்துப் பார்த்தாலும் வராது!"

குழுவில் ஒருவர் அண்ணனின் வயிற்றைப் பார்த்துக் குனிந்து ஏதோ கேட்டார்.

"சாப்பாடு நல்லாக் கிடைக்குதுன்னு அர்த்தம் சார்," என்றார் துணை இயக்குநர், ஒலிபெருக்கியிலேயே.

கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தை அண்ணன் மடியில் வைத்தார்கள். அவன் ஒலிபெருக்கிப் பக்கம் முகத்தைத் திருப்பினான். "அந்த போர்டுக்குப் பின்னாடி," என்றான். குரல் சன்னமாக இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "ஒரு விரிசல் இருக்கு சார்."

"கேட்டீர்களா!" என்றார் துணை இயக்குநர். "மேடையில்கூடத் தொழிலை மறக்காத விழிப்புணர்வு!" மறுபடி கைதட்டல். குழுவும் தட்டியது. அப்போது அண்ணனின் மூக்கிலிருந்து ரத்தம் இறங்கிக் கண்ணாடியில் சொட்டியது. துணை இயக்குநர் தம் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். "உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

நாள் 1,096. காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி. "நோயாளி எண் தயார். வந்து வாங்கிக்குங்க."

ஓடினேன். எண் ஒன்று. குளிர்பெட்டியைத் திறந்து குப்பிகளை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். பலகை 1,096 என்றே இருந்தது. திரும்பி உள்ளே போய், "சார், எண் கொடுத்தா பூஜ்யமாகும்னீங்களே?" என்றேன்.

"அது சான்றிதழுக்கு முன்னாடி," என்றார் துணை இயக்குநர் அன்பாக. "சான்றிதழ் வந்தபிறகு, பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்குக் கீழ இருந்தா இல்லாத மாதிரிதான் கணக்கு. முன்னாடி ஒண்ணுன்னா ஒண்ணு. இப்ப ஒண்ணுன்னா பூஜ்யம். நீ கவலைப்படாதே, போய் மருந்தை ஏத்து."

பொது மருத்துவமனையில் அன்று மதியமே ஏற்றினார்கள். நல்ல மருந்து. மறுநாள் காய்ச்சல் 100-க்கு இறங்கியது. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன். ஆனால் எலும்பு மஜ்ஜை வெறுமையாகி வெகுநாள் ஆகியிருந்தது. வெள்ளை அணுக்கள் இல்லை என்றார் டாக்டர். சாதாரண சளிக் கிருமி ஒன்று நுரையீரலில் இறங்கிவிட்டது. நாள் 1,099, காலை பத்து மணிக்கு அண்ணன் போய்விட்டான். இறப்புச் சான்றில் நுரையீரல் அழற்சி என்று இருந்தது. அது துறையின் நோய் அல்ல. அன்றும் எண் மாறியது. கைதட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை.

உடம்பைக் குளிப்பாட்டும்போது அம்மா வயிற்றுப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். எட்டுக் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் கையெழுத்தில் தேதி. கடை மார்க்கர், சோப்புக்குப் போகவில்லை.

"அதை விடும்மா," என்றேன்.

"கோணலே இல்லடி," என்றாள் அம்மா. பிறகுதான் அழத் தொடங்கினாள்.

நாள் 1,112. ஞாயிற்றுக்கிழமை. எண்ணை மாட்டிவிட்டு எல்லோரும் போன பிறகு அலுவலகத்தில் பலகைக்காரர் மட்டும் இருப்பார். அண்ணனின் கரண்டி, உளி, சுத்தியல், சலித்த மணல் ஒரு வாளி, சிமெண்ட் கால் வாளி எடுத்துப் போனேன். பலகைக்காரர் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஏணியைக் கொண்டுவந்து பலகையைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்தார்.

விரிசல் அண்ணன் சொன்னதுபோலவே இருந்தது. விரல் போயிற்று. முதலில் உளியால் வெட்டித் திறந்தேன். உள்ளே இருந்தவை ஒன்றிரண்டாகத் தத்தித் தத்தி வெளியே வந்தன, சத்தமே இல்லாமல். தண்ணீர் தெளித்தேன். கலவை முதல் முறை தளர்ந்துவிட்டது, வழிந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். எனக்குப் பூசத் தெரியாது. மேடும் பள்ளமுமாகத்தான் வந்தது. பலகைக்காரர் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். "உங்கண்ணன் என்கிட்ட முன்னாடியே சொன்னாப்ல, தங்கச்சி," என்றார். "ஏணி என்கிட்டதான் இருந்துச்சு." பிறகு ஏணியில் ஏறிப் பலகையைத் திரும்ப மாட்டினார்.

திங்கட்கிழமை துணை இயக்குநர் பலகையின் ஓரத்தில் ஈரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஒரு குறிப்பாணை போட்டார். அதைப் பிரதி எடுக்க என்னிடமே அனுப்பினார்கள். 'அலுவலக முன்சுவரில் விரிசல் இருந்ததாகத் துறைப் பதிவேடுகளில் இல்லை. எனவே அது பூசப்பட்டதாகக் கருத இயலாது.' மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

நடக்காத பூச்சை யாரும் தடுக்க முடியாது. அதனால் தினமும் மாலை, வகுப்புக்குப் போகும் வழியில், பலகைக்காரர் பலகையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, நான் சுவரில் தண்ணீர் தெளிக்கிறேன். புதுப்பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி விட்டுவிடும் என்பான் அண்ணன்.

பலகையில் 1,115. என் கணக்கில் இன்று மூன்றாம் நாள்.